கண்வரை நிரப்புதல்

கல்லுப்பாலத் தோட்டம்,
கோலசிலாங்கூர்.
10.2.1985

அன்புள்ள நாகமணி அக்காவுக்கு,

தங்கை கலாவதி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். மசக்கை குறைந்ததா? அம்மா உங்களுக்காக எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வெயிலில் வைத்திருக்கிறார். கோலாலம்பூர் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவோம்.

உங்கள் பொங்கல் கடிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசித்தேன். பெரியம்மா இறந்ததிலிருந்து நம் வீட்டிலேயே வளர்ந்த நீங்கள் கல்யாணமாகிப் போனதும் அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. "தபால்னா அது வீட்டுக்கு வந்த தபால்லா. படிக்கிற புள்ள வாசிக்கணும், எல்லாரும் கேக்கணும்" என்று அப்பா இன்னும் அதையேதான் சொல்கிறார். உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் கணக்கில் தோற்றதாகச் சொன்ன வரியை நீங்கள் தாண்டிப் படித்ததையும், அப்பா குரலை வைத்தே அதைக் கண்டுபிடித்ததையும் அம்மா மறுபடி சொல்லிச் சிரித்தார்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும். எங்கள் ஹமீதா டீச்சர் பள்ளி இதழுக்காக ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். யாரும் அதிகம் அறியாத பழைய ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து அதன் வரலாற்றை எழுத வேண்டும். மற்றவர்கள் பாட்டுப் புத்தகங்களில் தேடுகிறார்கள். எனக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிட்டது. அப்பா காலையில் செம்பனை எண்ணெய் மில்லுக்குக் கிளம்பும்போது சொல்வாரே, "அல்லேஜ் எடுக்கப் போறேன்" என்று. நீங்களும் நானும் அதை மலாய்ச் சொல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அது ஆங்கிலமாம். எண்ணெய்த் தொட்டியின் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

"அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"தொட்டியில மேல எவ்வளவு காலியா இருக்குன்னு பாக்கறதும்மா. எண்ணெய அளக்கறதில்ல. காலிய அளக்கறோம். காலி தெரிஞ்சா எண்ணெய் தெரிஞ்சிடும்."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் பள்ளி நூலகத்து அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. நீங்கள் போகிற பெரிய நூலகத்தில் பல தொகுதிகளாக ஒரு அகராதி இருப்பதாகச் சொல்வீர்களே. அதில் பார்த்து எழுதி அனுப்புவீர்களா?

அத்தானுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் செல்லத் தங்கை,
கலா


கோலாலம்பூர்
24.2.1985

என் தங்கம் கலாவுக்கு,

அக்காவின் ஆசிகள். சித்தப்பா, சின்னம்மா இருவருக்கும் என் நமஸ்காரம். நான் நலம். அத்தான் நலம். வயிற்றில் இருப்பவர் ஊறுகாய் என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து ஒரே உதைதான்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். அந்த அகராதியை மேசைக்குத் தூக்கி வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. அங்கே இருந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஓடி வந்து உதவினார். உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பார்.

உன் சொல்லுக்கு ஐந்நூறு வயது. அது எண்ணெயோடு பிறக்கவில்லை, ஒயின் பீப்பாயோடு பிறந்தது. மரப் பீப்பாயில் வைத்த ஒயின் நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். மேலே காற்று நின்றால் மிச்சமும் புளித்துவிடும். அதனால் பீப்பாயின் வாய்த்துளை வரை வேறு ஒயினை ஊற்றி நிரப்பி வைப்பார்கள். அந்தத் துளையைப் பழைய பிரெஞ்சில் கண் என்றே சொன்னார்கள். லத்தீனில் கண்ணுக்கு 'ஒக்குலுஸ்', அதிலிருந்து வந்தது. கண்வரை நிரப்புவதற்கு 'ஊயே' என்று ஒரு வினை. அந்த வினையிலிருந்து உன் அல்லேஜ்.

ஆக முதலில் அது நிரப்புகிற வேலையின் பெயர். பிறகு நிரப்பத் தேவைப்படும் அளவின் பெயர். கடைசியில் குறையாக இருக்கும் வெற்றிடத்துக்கே பெயராகிவிட்டது. கோப்பையில் குடித்தது போக மிஞ்சும் கசடுக்கும் சொல்வார்களாம். இதையெல்லாம் தனித்தாளில் அழகாகப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு ஆபீசில் தொல்லை அதிகம். தோட்டத்து மில்லிலிருந்து புறப்படுகிற எண்ணெய்க்கும் துறைமுகத்தில் இறங்குகிற எண்ணெய்க்கும் கணக்கு ஒத்துவரவில்லையாம். தலைமை ஆபீசில் கையிருப்புக் கணக்கு இவருடைய பொறுப்பு. ராத்திரிகூடத் தூக்கத்தில் எண்களைச் சொல்கிறார். சாமியை வேண்டிக்கொள்.

அன்புடன்,
நாகமணி அக்கா


கல்லுப்பாலத் தோட்டம்
17.3.1985

அன்பு நிறைந்த அக்காவுக்கு,

கலா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அத்தானின் கஷ்டம் தீர அம்மா மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் இருந்தால் உயரத்தில் வைத்துப் படுக்கச் சொன்னார்.

கண் என்று படித்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை அக்கா. நாமும் அப்படித்தானே சொல்கிறோம். தேங்காய்க் கண், சல்லடைக் கண், பாலத்துக் கண். எங்கேயோ இருக்கிற பிரெஞ்சுக்காரனும் துளையைப் பார்த்துக் கண் என்று நினைத்திருக்கிறான். இதை எழுதிக் காட்டியபோது ஹமீதா டீச்சர் வகுப்பிலேயே சத்தமாகப் படித்தார்.

விடுமுறையில் அப்பாவுக்குச் சோற்றுக் கேரியரை நானே கொண்டுபோனேன், அந்த வேலையைக் கண்ணால் பார்ப்பதற்காக. தொட்டி நம் லயத்து வீட்டு வரிசையைவிட உயரம். பக்கத்தில் போனாலே சூடும் செம்பனை வாசமும் முகத்தில் அடிக்கிறது. அப்பா ஏணியில் ஏறி, மேலே இருக்கிற சிறிய மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்குகிறார். விதிப்படி இரண்டு பேர் மேலே போய்ப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுடைய ஜோடி அடுத்த வீட்டு நடராஜா மாமா. ஆனால் மாமாவுக்குத் தலைசுற்று. ஏணியின் மூன்றாவது படிக்கு மேல் அவரால் முடியாது. அதில் நின்றுகொண்டு, குடையை மேலே நீட்டிப் பிடிக்கிறார், ஏதோ அப்பாவுக்கு நிழல் கொடுப்பதுபோல. அப்பா மேலேயிருந்து, "ஏன்டா, அந்தக் குடை எனக்கா, ஏணிக்கா?" என்கிறார். மாமா, "உன் மொட்டைத் தலைக்குக் குடை பத்தாதுலா" என்கிறார். பிறகு இறங்கி வந்து இரண்டு பேர் பெயரும் எழுதுகிறார்கள்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் அக்கா. தலைசுற்று என்று தெரிந்தால் மாமாவை நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் வீடும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? கட்டுரையில் நான் இதை எழுதப்போவதில்லை. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
கலா


கோலாலம்பூர்
2.4.1985

என் தங்கை கலாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும்,

நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதி பாட்டிலைப் பஸ்ஸிலிருந்து இறக்கிய கையோடு தின்றுவிட்டேன் என்று சின்னம்மாவிடம் சொல்.

பிரதி எடுத்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கடிதத்தை அத்தானும் படித்தார். "இந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி எழுதுது" என்றார். அவர் யாரையும் எளிதில் புகழ மாட்டார்.

சித்தப்பா மழையில் ஏணி ஏறும்போது பார்த்து ஏறச் சொல். மழைக்காலம் வருகிறது.

அன்புடன்,
நாகமணி

*(உள்ளே ஒரு துண்டுத் தாள்)*

கலா, இதை எல்லோருக்கும் வாசிக்க வேண்டாம், உனக்கு மட்டும். கட்டுரைக்கு எல்லாம் தெளிவாக இருந்தால் நல்லது. நடராஜா மாமா மேலே ஏறாமல் இருப்பது எப்போதிலிருந்து? அவர் லீவில் இருக்கிற நாட்களில் அவருடைய கையெழுத்தை யார் போடுகிறார்கள்? உடனே எழுது.


கல்லுப்பாலத் தோட்டம்
14.4.1985

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே அனைவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் தனியாகக் கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. என் கட்டுரைமேல் உங்களுக்கு இவ்வளவு அக்கறை. அதை நான் எழுதப்போவதில்லை என்றாலும் உங்களுக்குச் சொல்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு காய்ச்சல் வந்ததே, அதற்குப் பிறகுதான் தலைசுற்று. கிளினிக்குக்குப் போகிற நாட்களில் அவர் கையெழுத்தையும் அப்பாவே போட்டுவிடுவார். மாமாவைவிட அழகாகப் போடுவார். "என் பேருக்கு இவ்ளோ சுழி கிடையாதுப்பா, ஆபீஸ்ல சம்பளத்த ஏத்திடப் போறான்" என்று மாமா கிண்டல் செய்வார்.

ஆனால் அப்பா எடுக்கிற அளவில் ஒரு நூல்கூடத் தப்பாது அக்கா. அதற்காகத்தானே அவ்வளவு உயரம் ஏறுகிறார்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். பெரிய அகராதிகளில் ஒரு சொல்லுக்கு எண் போட்டுப் பல பொருள்கள் இருக்கும் என்று டீச்சர் சொன்னார். உங்கள் தாளில் கசடோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஏதாவது இருந்ததா? நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.

வாழ்த்துகளுடன்,
கலா


கல்லுப்பாலத் தோட்டம்
9.6.1985

அன்புள்ள அக்காவுக்கு,

கலா எழுதுவது. உங்களிடமிருந்து கடிதமே இல்லை. மே மாதம் ஒன்று போட்டேன், கிடைத்ததா? மாதம் நெருங்கிவிட்டதால் அம்மாவுக்குக் கவலை. ஒவ்வொரு நாளும் நான் பள்ளியிலிருந்து வந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறார். நல்லபடியாக இருக்கிறேன் என்று இரண்டு வரி போட்டால்கூடப் போதும்.

கட்டுரை இதழில் வரப்போகிறது. முதல் பக்கத்தில் என்று டீச்சர் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம். தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து எண்ணெய்த் தொட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்பா, "கணக்குப் பாக்கறாங்க, பாத்துட்டுப் போவாங்க" என்கிறார். ஆனால் சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுகிறார். அத்தானுக்கு இதைப் பற்றி ஏதாவது தெரியுமா? அவர் அங்கே இருப்பது எங்களுக்குப் பெரிய தைரியம்.

உடனே பதில் போடுங்கள். குழந்தை நல்லபடியாகப் பிறக்க எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

கலா


பெட்டாலிங் ஜெயா
30.6.1985

அன்புள்ள கலாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் சேயும் சுகம் என்று சித்தப்பா, சின்னம்மாவிடம் சொல்.

முகவரி மாறியிருக்கிறது, கவனி. கம்பெனி வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று அறை. அத்தானைப் பிரிவுத் தலைவராக ஆக்கியிருக்கிறார்கள். சாமான்களைக் கட்டி அவிழ்ப்பதில் கடிதம் எழுத முடியவில்லை. குழந்தையும் இரவெல்லாம் அழுகிறது.

நன்றாகப் படி.

நாகமணி


(பதில் பள்ளி முகவரிக்கு)
கோலசிலாங்கூர்
21.7.1985

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை சுகமா? அம்மா வெள்ளைத் துணியில் சின்னச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார். ஏன் என்று சொல்கிறேன்.

அப்பாவையும் நடராஜா மாமாவையும் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆகஸ்டு கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எண்ணெயை இவர்கள் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கையெழுத்தையும் ஒரே ஆள் போட்ட பதிவை நம்ப முடியாது, அதனால் குறைந்த எண்ணெய்க்கெல்லாம் இவர்களே பொறுப்பு என்றார்களாம். விசாரணை நடந்தது மானேஜர் ஆபீசில். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வந்தவன் என்னப் பாத்துக் கேக்கறான், உங்க கூட்டாளி மூணாவது படிக்கு மேல ஏறுனதே இல்லையாமேன்னு. குடையப் புடிச்சிக்கிட்டு நிப்பாராமேன்னு. கூட நின்னு பாத்தவன் மாதிரி சொல்றான்."

அக்கா, மூன்றாவது படி என்று நான் ஒருவருக்குத்தான் எழுதினேன்.

அப்பாவுக்கு அது தெரியாது. நடராஜா மாமாவின் சம்சாரம் தாயம்மா அக்கா பைப்படியில் வாய்விட்டிருப்பார், அதிலிருந்து போயிருக்கும் என்று நினைக்கிறார். தாயம்மா அக்காவோ, அப்பா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மாமாவைக் காட்டிக்கொடுத்தார் என்று லயமே கேட்கும்படி கத்தினார். "நெழலா நின்ன மனுசன வெயில்ல தள்ளிட்டியே" என்றார். அப்பாவும் மாமாவும் இப்போது முகம் பார்ப்பதில்லை. நடுவே ஒரு பலகைச் சுவர்தான். மாமா இருமுவது இங்கே கேட்கும். முன்பெல்லாம் அவர் இருமினால் அப்பா இங்கிருந்தே, "சுடுதண்ணி குடிலா" என்பார். இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். பேச்சுவாக்கில் வந்திருக்கும். அல்லது அத்தான் என் கடிதத்தைப் படித்தபோது மனதில் வைத்திருப்பார். எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. வேலை திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நடராஜா மாமா வீட்டிலிருந்து விஷயம் போகவில்லை, கலா எனக்கு எழுதியதிலிருந்து போனது என்று அப்பாவுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். நான் சொன்னால், உங்களைக் காட்டிக்கொடுப்பதாக ஆகிவிடும். உங்களை அப்பா எங்கள் வீட்டு மூத்த பிள்ளை என்றே சொல்வார். நீங்களே சொன்னால் அது வேறு. இரண்டு குடும்பமும் வெவ்வேறு ஊருக்குப் போவதற்குள் அவர்கள் ஒரு வார்த்தையாவது பேசிக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
கலா


பெட்டாலிங் ஜெயா
11.8.1985

கலாவுக்கு,

சுகம். இத்துடன் ஒரு நல்ல அகராதி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரியது, உனக்குப் பல வருடம் உதவும். உன் பெயரை உள்ளே எழுதவில்லை. நீயே எழுதிக்கொள்.

நீ சின்னப் பெண். உனக்கென்று ஒரு வீடும் கைக்குழந்தையும் வரும்போது சில விஷயங்கள் புரியும். அத்தான் அப்போது எந்த நிலைமையில் இருந்தார் என்று உனக்குத் தெரியாது. கணக்கு இடித்த ஒவ்வொரு நாளும் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

சித்தப்பாவுக்குத் தனியாக எழுதுகிறேன். கவலைப்படாதே.

நாகமணி


பெட்டாலிங் ஜெயா
20.8.1985

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பா, சின்னம்மாவுக்கு,

மகள் நாகமணி எழுதும் வணக்கம். இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, குழந்தை அனைவரும் கடவுள் அருளால் நலம். அங்கே தங்கள் நலத்தையும் கலாவின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்தைக் கேள்விப்பட்டு மனம் மிகவும் வருந்தியது. எல்லாம் கெட்ட நேரம். உங்கள் மாப்பிள்ளையும் தன்னால் ஆனதைச் சொல்லிப் பார்த்தார். பெரிய இடத்தில் முடிவான விஷயம், ஒன்றும் செய்ய முடியவில்லை.

குழந்தைக்கு இறந்துபோன என் அம்மாவின் பெயரையே வைத்திருக்கிறோம். சின்னம்மாவின் சாயல் இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள்.

ரவாங்கில் இப்போது தொழிற்சாலைகளில் நிறைய ஆள் எடுக்கிறார்களாம். பெண் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் கொடுக்கிறார்கள். கலா படித்தவரை போதும் என்று நினைத்தால் உங்கள் மாப்பிள்ளை தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வசதிப்படும்போது வந்து போங்கள்.

தங்கள் ஆசியை வேண்டும்,
நாகமணி


கல்லுப்பாலத் தோட்டம்
29.8.1985

நாகமணி அக்காவுக்கு,

வீட்டில் சுகம். நாளைக் காலையில் லோரி வருகிறது. நாங்கள் சுங்கை பெசாருக்குப் போகிறோம். ஜாபர் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கு நெல் ஆலையில் மூட்டை இறக்கும் வேலை. நடராஜா மாமா குடும்பம் பத்தாங் காலியில் மகன் வீட்டுக்குப் போகிறது. நான் பள்ளிக்கூடம் மாறுகிறேன். தொழிற்சாலைக்குப் போகவில்லை. அந்த வரியை நான் வாசித்தபோது, "அது படிக்கும்" என்று மட்டும் அப்பா சொன்னார்.

அகராதி வந்தது. முதலில் நம் சொல்லைத்தான் பார்த்தேன். கசடுக்குப் பிறகு இன்னொரு பொருள் இருக்கிறது. கடற்படையில், எதற்கும் உதவாத ஆட்களை, யாருக்கும் வேண்டாத மிச்சம் என்று அந்தச் சொல்லால் அழைப்பார்களாம். நூலகத்து அகராதியிலும் அது இருந்திருக்கும். பிப்ரவரி மாதம் நீங்கள் அதைப் பிரதி எடுக்காமல் விட்டீர்கள். அப்பாவின் வேலைக்கு உள்ள சொல்லில் அப்படி ஒரு பொருள் இருப்பதை நான் படித்து வருத்தப்படக் கூடாது என்று விட்டிருப்பீர்கள். அந்த நாகமணி அக்காவைப் பற்றி நான் வெகுநேரம் யோசித்தேன்.

பள்ளி இதழ் வந்துவிட்டது. முதல் பக்கத்தில்தான் இருக்கிறது. "இந்த உதவிகளைச் செய்த என் அக்காவுக்கு நன்றி" என்று கடைசியில் போட்டிருந்தேன். ஏப்ரலில் எழுதியது, மாற்ற முடியவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வீட்டு முகவரிக்கு வந்தது. அப்பா சாப்பிட்டுக் கை கழுவிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா கட்டி வைத்த மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நான் மனத்துக்குள் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தேன். எல்லாம் இருந்தது. வணக்கம், நலம், கெட்ட நேரம், ரவாங். அந்த ஒரு வரி மட்டும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா இருமினார்.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். "ஒன்றும் செய்ய முடியவில்லை" என்ற இடம் வந்ததும் நிறுத்தாமல் மேலே வாசித்தேன். இப்படி வாசித்தேன்:

"சித்தப்பா, உங்களிடம் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. மில்லில் நடப்பதைக் கலா எனக்கு ஆசையாக எழுதியிருந்தாள். நான் அதை உங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதை ஆபீசில் சொல்லிவிட்டார். நடராஜா மாமா வீட்டிலிருந்து எந்தப் பேச்சும் போகவில்லை. தவறு என்னுடையது. என்னை மன்னியுங்கள்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்பா, "அந்த எடத்த இன்னொரு வாட்டி வாசி" என்றார்.

வாசித்தேன். இரண்டாவது முறை சொற்கள் கொஞ்சம் மாறிவிட்டன. 'கொடுத்தேன்' என்பதற்குப் பதில் 'சொன்னேன்' என்று வந்துவிட்டது. அப்பா என் கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து வெளியே போனார். சுவர் வழியாக எல்லாம் கேட்டது.

"நடராஜா. நான்தான்."

பிறகு மாமாவின் குரல். "கதவு என்னா பூட்டியா கெடக்கு? வா உள்ள."

"எங்க வீட்டுலேருந்துதான்டா போயிருக்கு. தாயம்மாவ நான் தப்பா நெனச்சிட்டேன்."

அதற்குமேல் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மெதுவாகப் பேசினார்கள். கடைசியில் மாமா இருமினார். "சுடுதண்ணி குடிலா" என்று அப்பா சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. தாயம்மா அக்கா அடுப்புப் பற்றவைத்தார்.

அதனால் இப்போது நீங்கள் உண்மையைச் சொன்ன பெண், அக்கா. "தப்பு பண்ணிட்டா, ஆனா ஒத்துக்கிட்டா பாரு, அதுக்கும் நெஞ்சு வேணும்" என்று தாயம்மா அக்கா பைப்படியில் சொல்கிறார். அம்மா மறுபடி சின்னச் சட்டைகளை எடுத்துத் தைக்கிறார். நாளை லோரி புறப்படுவதற்குள் முடித்துத் தபாலில் போட வேண்டுமாம். அவை வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். யாராவது உங்களிடம் அந்த வரியைப் பற்றிப் பேசினால், நான் எழுதவில்லையே என்று சொல்லிவிடாதீர்கள். நான் கேட்பது அதுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

அந்தச் சொல் முதலில் குறையின் பெயராக இருக்கவில்லை, குறைந்ததை ஊற்றி நிரப்புகிறவன் செய்யும் வேலையின் பெயராக இருந்தது என்று நீங்கள்தான் எழுதி அனுப்பினீர்கள். எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை. நிரப்புகிறவன் வேறு பாத்திரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதும் புரியவில்லை.

அகராதியை ஹமீதா டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். பள்ளி நூலகத்தில் வைத்துக்கொள்வார்கள். உள்ளே பெயர் எழுதாமல் அனுப்பியது வசதியாகப் போயிற்று.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அப்பா மாமா வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் உங்கள் கடிதத்தைக் கேட்டார். கொடுத்தேன். அதைப் பிரிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பையை ஒருமுறை தட்டிக்கொண்டார். "நல்லா வாசிச்சம்மா" என்றார். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. அவருக்குத் தமிழ் படிக்க நன்றாகத் தெரியும். உங்களுக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே.

நீங்களும் குழந்தையும் நலமாக இருங்கள்.

கலாவதி